வெளிநாட்டில் குடும்பத்தோடு கரோக்கி: தனி அறையா, மேடையா, தங்கும் இடமே போதுமா?

வெளிநாட்டுப் பயணத்தில் ஒரு மாலை கரோக்கி (பின்னணி இசை ஓட, திரையில் வரும் வரிகளைப் பார்த்து நாமே பாடுவது) போகலாமே என்று யாராவது ஆரம்பித்தால், உடனே எல்லோரும் போனை எடுத்து மேப்பில் நட்சத்திரம் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நம் கூட்டத்தில் பாடவே மாட்டேன் என்று சொல்லப்போகிறவர் யார்? எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். பதினைந்து வயதுப் பெண்ணாக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம், வீட்டில் சமைக்கும்போது முணுமுணுத்துவிட்டு நாலு பேர் முன்னால் வாயே திறக்காத அத்தையாக இருக்கலாம். பாட ஆசை உள்ளவரை எங்கே கூட்டிப் போனாலும் பாடிவிடுவார். மாட்டேன் என்பவர் எந்த மாதிரி இடத்தில் மைக்கைக் கையில் வாங்குவார் என்று யோசித்து இடத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்த மாலை எல்லோருக்குமானதாக இருக்கும். இல்லையென்றால் இரண்டு பேர் பாட, மற்றவர்கள் கைதட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இருக்கிற வழிகளை மூன்றாகப் பிரிக்கலாம். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் மேடையில் பாடுவது ஒன்று, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் தனி அறை ஒன்று, ஹோட்டலிலோ வாடகை வீட்டிலோ நாமே ஏற்பாடு செய்துகொள்வது ஒன்று. இதில் தனி அறை என்பது நாட்டுக்கு நாடு ரொம்பவே மாறுகிறது, அதனால் அங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கும்.

மேடையை முதலில் முடித்துவிடுகிறேன். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கரோக்கி என்று தேடினால் அதிகம் வருவது பார்களும் பப்களும்தான். கேஜே (கரோக்கி ஜாக்கி) என்று ஒருவர் நடத்துவார், பேரையும் பாட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு பாட்டுக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால்கூட முன்னால் பதினைந்து பேர் இருந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். குடும்பத்தில் நாலு பேர் பாட நினைத்தால் அந்த இரவில் ஆளுக்கு ஒரு பாட்டு கிடைப்பதே பெரிய விஷயம். அதைவிட முக்கியம் வயது. அமெரிக்காவில் மது வாங்க 21 வயது ஆக வேண்டும், பல பார்கள் இரவில் அதற்குக் கீழே உள்ளவர்களை உள்ளேயே விடாது, மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. இங்கிலாந்தில் பெரியவர்களோடு பிள்ளைகளைப் பல பப்கள் அனுமதிக்கும், ஆனால் மாலையில் ஒரு நேரத்துக்கு மேல் அனுப்பிவிடுவார்கள், கரோக்கி தொடங்குவதே பெரும்பாலும் அந்த நேரத்துக்குப் பிறகுதான்.

அதற்காக மேடையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தெரியாத ஊரில், தெரியாத ஐம்பது பேர் முன்னால் பாடி, அவர்கள் கூடவே சேர்ந்து பாடும்போது வரும் உற்சாகம் தனி அறையில் கிடைக்காது. ஏற்கெனவே மேடை ஏறிப் பழகிய ஒருவர் குடும்பத்தில் இருந்தால், பிள்ளைகளும் பெரியவர்கள்தான் என்றால், தாராளமாகப் போகலாம். உல்லாசக் கப்பல் பயணம் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். பல கப்பல்களில் கரோக்கி இருக்கும், சிலவற்றில் குடும்பங்களுக்கென்றே பகலில் ஒரு நேரம் ஒதுக்கியிருப்பார்கள், கேட்பவர்களும் விடுமுறைக்கு வந்த குடும்பங்கள்தான். கூச்சப்படும் பிள்ளைக்கு மேடை பழக அது நல்ல இடம். ஆனால் மாட்டேன் என்கிற மாமனார் கப்பலிலும் மாட்டேன் என்றுதான் சொல்வார்.

அவர் மாதிரி ஆட்களுக்காகவே வந்தது போல இருப்பது தனி அறை. கரோக்கியும் தொடக்கத்தில் மது அருந்தும் இடங்களில் வளர்ந்த விஷயம்தான். 1971ல் ஜப்பானின் கோபே நகரில் டைசுகே இனோவே என்பவர் காசு போட்டால் பின்னணி இசை ஒலிக்கும் பெட்டியைத் தயாரித்து அந்த ஊர் பார்களுக்கு வாடகைக்கு விட்டார். அவர் காப்புரிமை வாங்கவில்லை. (பிலிப்பைன்ஸில் இதே மாதிரி ஒரு கருவியை 1970களில் செய்த ராபர்ட்டோ டெல் ரொசாரியோ பின்னால் காப்புரிமை வாங்கினார், அந்த நாட்டில் இன்றும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள்.) பார்களில் இருந்த இந்தப் பெட்டி குடும்பங்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வந்து சேர்ந்தது 1980களின் நடுவில், ஒகயாமாவில் பழைய சரக்குக் கன்டெய்னரைப் பாடும் அறையாக மாற்றி வாடகைக்கு விட ஆரம்பித்த பிறகு. கதவைச் சாத்திக்கொண்டு பாடலாம், குடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, பட்டப்பகலிலும் போகலாம். இந்த மூன்றும் சேர்ந்த இடம்தான் குடும்பத்துக்குச் சரிப்படும். எந்த நாட்டில் எந்தக் கடையைப் பார்த்தாலும் இந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்த்தால் பாதி முடிவு வந்துவிடும்.

ஜப்பான்: பகல் நேரத்து அறை

முதல் முறை போகிற குடும்பத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது ஜப்பானைத்தான். பிக் எக்கோ, கரோக்கே கான், மானேகினேகோ மாதிரிப் பெரிய சங்கிலிக் கடைகள் பெரிய ரயில் நிலையங்களைச் சுற்றி இருக்கும். மாடி மாடியாக அறைகள், கீழே வரவேற்பு. எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று விரலால் காட்டினாலே வேலை முடிந்துவிடும். கட்டணம் பொதுவாக ஒருவருக்கு அரை மணிக்கு இவ்வளவு என்று இருக்கும், அதோடு ஆளுக்கு ஒரு பானம் வாங்க வேண்டும், அல்லது எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிக் குடிக்கும் டிரிங்க் பார் கட்டணம் சேரும். வாரநாள் பகலில் ரொம்ப மலிவு. வெள்ளி சனி இரவிலும் விடுமுறைக்கு முந்தைய இரவிலும் அதே அறை பல மடங்கு ஆகும். மதியத்திலிருந்து மாலைவரை ஒரே கட்டணம் என்று ஃப்ரீ டைம் திட்டமும் உண்டு, ஆனால் குடும்பத்துக்கு இரண்டு மணி நேரம் தாராளம், அதற்கு மேல் சின்னப் பிள்ளைகள் தாங்காது. மானேகினேகோவில் வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுபோகலாம், கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு இது பெரிய உதவி. சில கிளைகளில் தரையில் மெத்தை விரித்த கிட்ஸ் ரூம்கூட உண்டு, புக் செய்யும்போதே கேட்க வேண்டும்.

டோக்கியோவில் ஒரு விதி இருக்கிறது: இரவு 11 மணியிலிருந்து காலை 4 மணிவரை 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கரோக்கி அறைகளில் அனுமதிக்கக் கூடாது, அப்பா அம்மா கூட இருந்தாலும். ஜெட் லாகில் தூக்கம் வராத பிள்ளைகளை நடு இரவில் கூட்டிப் போகலாம் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். வேறு மாகாணங்களிலும் இது போன்ற நேரக் கட்டுப்பாடு உண்டு.

அறைக்குள் போனதும் என்ன செய்வது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தயங்குகிறவர் பாடுவாரா மாட்டாரா என்பது முதல் பத்து நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது. மேஜையில் ஒரு டேப்லெட் இருக்கும், அதில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஜப்பானில் டாம், ஜாய்சவுண்ட் என்று இரண்டு பெரிய கருவி வகைகள், பல கடைகளில் எது வேண்டும் என்றே கேட்பார்கள், ஆங்கிலப் பாட்டு இரண்டிலும் ஏராளம். எல்லோரும் இந்த டேப்லெட்டில் பாட்டைத் தேடத்தான் ஓடுவார்கள். நான் முதலில் ஒலியைச் சரிசெய்வேன். இசை, மைக், எக்கோ மூன்றுக்கும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கும். முன்னால் இருந்தவர்கள் இசையை முழுசாகத் திருகிவிட்டுப் போயிருப்பார்கள். அப்படியே பாட ஆரம்பித்தால் தன் குரல் தனக்கே கேட்காது, கத்த வேண்டிவரும், கத்தினால் சுருதி போகும், கூச்சப்படுகிறவர் ஒரு வரியோடு மைக்கைக் கீழே வைத்துவிடுவார். இசையைப் பாதிக்குக் கீழே இறக்கி, மைக்கைக் கொஞ்சம் ஏற்றி, எக்கோவை அளவாக வைத்தால் யாருடைய குரலும் கேட்கிற மாதிரி இருக்கும். சின்னக் குழந்தைகளின் காதுக்கும் அது நல்லது.

அடுத்தது கீ, அதாவது பாட்டின் சுருதி. டேப்லெட்டில் கூட்டல் கழித்தல் குறியோடு இருக்கும், ஒரு தட்டுக்கு அரை ஸ்வரம் ஏறும் அல்லது இறங்கும். பாடத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிற பலருக்கு உண்மையில் அந்தப் பாட்டின் சுருதிதான் ஒத்துவருவதில்லை. எங்கள் மாமனார் ஒசாகாவில் ஓரமாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டே இருந்தார். அவருக்குத் தெரிந்த ஒரு பழைய ஆங்கிலப் பாட்டைப் போட்டு, பேசாமல் கீயை மூன்று இறக்கி, பாட வேண்டிய மெட்டைக் கூடவே வாசித்துக் காட்டும் கைட் மெலடியையும் போட்டுவிட்டு, இரண்டாவது மைக்கை அவர் முன்னால் வைத்தாள் கொழுந்தியாள். யாரும் பாடுங்கள் என்று சொல்லவில்லை. இரண்டாவது சரணத்தில் அவர் எடுத்துக்கொண்டார், அதற்கப்புறம் டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு தானே தேட ஆரம்பித்துவிட்டார். முன்பின் தெரியாத ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

நேரம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது சுவரில் இருக்கும் போன் அடிக்கும். நீட்டிக்க வேண்டுமா என்று கேட்பார்கள். அவர்கள் சொல்வது புரியாவிட்டாலும் பரவாயில்லை, அரை மணி வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னால் போதும். கூட்டம் அதிகமுள்ள இரவுகளில் நீட்டிப்பு கிடைக்காது, அதற்கும் தயாராக இருங்கள்.

வெந்நீர் ஊற்றுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் ரியோகான் விடுதிகளில் தங்குவதாக இருந்தால் அங்கேயே கரோக்கி அறை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் உண்டு. முழங்கால் வலியோடு வந்திருக்கும் பெரியவர்களை இரவில் மறுபடி தெருவில் நடக்கவைக்காமல், குளித்துச் சாப்பிட்டு அப்படியே கீழ்த் தளத்துக்குப் போய் ஒரு மணி நேரம் பாடிவிட்டுப் படுக்கப் போகலாம். பாட்டுப் பட்டியல் நகரத்துக் கடைகள் அளவுக்குப் புதிதாக இருக்காது, பெரியவர்களுக்கு அதுவே பிடித்துப்போகும்.

கொரியாவும் தைவானும்

கொரியாவில் நோரேபாங் என்று சொல்லும் பாடும் அறைக்கும் ஜப்பான் அறைக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் பணம் வாங்கும் முறை. ஜப்பானில் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு, கொரியாவில் அறைக்கு மணிக்கு இவ்வளவு. ஆறு ஏழு பேர் கொண்ட குடும்பம் என்றால் கொரியா கையைக் கடிக்காது. இரண்டே பேர் என்றால் ஜப்பான் பகல் கட்டணம் மலிவாக வரலாம். முன்பணம் கட்டி உள்ளே போனால் திரையில் மீதி நிமிடங்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஆள் குறைவாக இருக்கும் நேரத்தில் கடைக்காரர் சும்மாவே பத்து இருபது நிமிடம் கூட்டிவிடுவது அங்கே சகஜம், திரையில் எண் திடீரென்று ஏறும்போது பிள்ளைகள் போடும் கூச்சலைக் கேட்க வேண்டுமே. சட்டப்படி நோரேபாங்கில் மது விற்கக் கூடாது. பிள்ளைகளுக்கு இரவு 10 மணிக்கு மேல் பொதுவாக அனுமதி கிடையாது, அதனால் மாலை ஆறு ஏழு மணிக்கே போய்விடுவது நல்லது.

அதைவிடச் சின்ன வடிவம் காயின் நோரேபாங். இரண்டு மூன்று பேர் நெருக்கி உட்காரும் அளவுக்கு ஒரு கூண்டு, ஆயிரம் வோன் நோட்டைப் போட்டால் சில பாடல்கள், முடிந்ததும் எழுந்து வந்துவிடலாம். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அப்பா அம்மா முன்னால் பாட மறுக்கும் பெண் தம்பியோடு ஒரு கூண்டுக்குள் போய் மூன்று பாட்டு பாடிவிட்டு வருவாள், நாம் பக்கத்துக் கூண்டில் இருக்கலாம். கரோக்கி நம் குடும்பத்துக்கு ஒத்துவருமா என்று தெரியாதவர்கள் முதலில் இங்கே ஒரு நோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் மறுநாள் பெரிய அறை எடுக்கலாம். நேரமும் பணமும் இவ்வளவு கொஞ்சமாகக் கேட்கும் வழி வேறு இல்லை.

சிரமம் என்றால் கருவிதான். பாட்டுகளுக்கு எண் உண்டு, டிஜே என்று ஒரு வகைக் கருவி, கேஒய் என்று இன்னொன்று, ஒரே பாட்டுக்கு இரண்டிலும் வேறு வேறு எண். ரிமோட்டில் பொத்தான்கள் கொரிய எழுத்தில் இருக்கும். கேமராவைக் காட்டினால் மொழிபெயர்த்துச் சொல்லும் செயலியைக் கொண்டு முதலிலேயே தொடங்கு, நிறுத்து, கீ மூன்றையும் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள், மற்றது எல்லாம் தானே பிடிபட்டுவிடும்.

தைவானில் தனி அறைக் கரோக்கியைக் கேடிவி என்பார்கள். கேஷ்பாக்ஸ் பார்ட்டிவேர்ல்ட், ஹாலிடே என்று பெரிய சங்கிலிகள். அறை பெரியது, உள்ளேயே சாப்பாடு வரவழைக்கலாம், பாட்டி முதல் பேத்திவரை பிறந்தநாள் கொண்டாட வருகிற குடும்பங்களைப் பார்க்கலாம். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து பயணம் போகிறவர்களுக்கும், இரவுச் சாப்பாட்டையும் பாட்டையும் ஒரே இடத்தில் முடிக்க நினைப்பவர்களுக்கும் இது சரியான தேர்வு. கட்டணம் மட்டும் கிளைக்குக் கிளை, நேரத்துக்கு நேரம் மாறும், குறைந்தபட்சச் செலவு, சர்வீஸ் சார்ஜ் என்று மேலே மேலே ஏறும். உட்காரும் முன் மொத்தம் எவ்வளவு வரும் என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். நாலு பேர் மட்டும் என்றால் இவ்வளவு பெரிய அறை வெறிச்சோடித் தெரியும், அதுவும் கூச்சத்தைக் கூட்டும்.

பலகையைப் பார்த்து மட்டும் உள்ளே போகாதீர்கள்

கிழக்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகள் பலவற்றில் கரோக்கி என்ற ஒரே பலகைக்குப் பின்னால் இரண்டு விதமான கடைகள் இருக்கின்றன. ஒன்று குடும்பங்களும் மாணவர்களும் போவது. இன்னொன்று ஆண்கள் பெண் துணையோடு குடிப்பதற்காகப் போவது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் பிள்ளைகளோடு படி ஏறிவிட்டால் யாருக்கும் சங்கடம். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கட்டண அட்டை வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறதா, பகலில் திறந்திருக்கிறதா, பள்ளி கல்லூரிப் பிள்ளைகள் போய்வருகிறார்களா, வரவேற்பு வெளிச்சமாக இருக்கிறதா என்று பாருங்கள். வாசலில் ஒருவர் நின்று கையைப் பிடித்துக் கூப்பிடுகிறார், விலையைக் கேட்டால் உள்ளே வாருங்கள் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் என்றால் அப்படியே நடையைக் கட்டுங்கள். தங்கியிருக்கும் ஹோட்டலின் வரவேற்பில், பிள்ளைகளோடு போகிற மாதிரி கரோக்கி எங்கே என்று கேட்டுவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

இதைவிடப் பெரிய விஷயம் தீ. வியட்நாமின் பின் துவோங் மாகாணத்தில் 2022 செப்டம்பரில் ஒரு கரோக்கி கட்டடத்தில் தீப்பிடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தைபேயில் 2020 ஏப்ரலில் ஒரு கேடிவியில் தீப்பிடித்தபோது தீ எச்சரிக்கைக் கருவிகள் அணைத்து வைக்கப்பட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. இந்த மாதிரி இடங்கள் ஏன் ஆபத்தானவை என்று யோசித்தால் காரணம் புரியும்: சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரெல்லாம் நுரையும் துணியும், ஜன்னல் கிடையாது, உள்ளே பாட்டு ஓடும்போது வெளியே மணி அடித்தாலும் காதில் விழாது, தாழ்வாரம் குறுகலாக வளைந்து வளைந்து போகும். அதனால் அறைக்குள் போகும் முன் நான் குடும்பத்தோடு அவசர வழிவரை ஒரு நடை நடந்துவிட்டுத்தான் வருவேன். கதவு திறக்கிறதா, முன்னால் பெட்டிகள் அடுக்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். அடைத்து வைத்திருந்தால் அந்தக் கடை வேண்டாம், பாட்டுப் பட்டியல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. கீழ்த் தளத்திலோ முதல் மாடியிலோ அறை கிடைக்குமா என்று கேட்பதிலும் தப்பில்லை.

பிலிப்பைன்ஸில் கரோக்கி வேறு மாதிரி, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே வீடியோகே என்பார்கள், காசு போட்டுப் பாடும் பெட்டி கடைவாசலிலும் கடற்கரை விடுதிகளிலும் இருக்கும், வீட்டுக்கே நாள் வாடகைக்கும் கொண்டுவந்து தருவார்கள். திறந்தவெளி என்பதால் மூடிய அறையின் பயம் இல்லை, சுற்றியிருப்பவர்களும் பாடுகிறவர்கள்தான், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். மேடைக்கும் தனி அறைக்கும் நடுவில் இருக்கும் இந்த வடிவம் ஓரளவு கூச்சம் உள்ளவர்களுக்கு நன்றாகவே ஒத்துவரும். இரவு 10 மணிக்கு மேல் பல ஊர்களில் தடை உண்டு.

மேற்கு நாடுகளுக்குத்தான் போகிறோம், ஆனால் மேடை வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. லண்டனில் லக்கி வாய்ஸ் போலத் தனி அறை வாடகைக்கு விடும் இடங்கள் உண்டு, நியூயார்க்கில் 32ஆம் தெருவைச் சுற்றிய கொரியா டவுனிலும், லாஸ் ஏஞ்சலஸ் கொரியா டவுனிலும் நோரேபாங் பாணி அறைகள் நிறைய. ஆசிய நகரங்களைவிடச் செலவு அதிகம். பிள்ளைகளை எந்த நேரம்வரை அனுமதிப்பார்கள் என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாசலில் போய் நின்று வாதாடிப் பயனில்லை.

தமிழ்ப் பாட்டு வேண்டும் என்றால்

இதுதான் பலருக்கு உண்மையான கேள்வி. ஜப்பான், கொரியா, தைவான் கருவிகளில் தமிழ்ப் பாட்டை எதிர்பார்க்காதீர்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்ப் பாட்டு வைத்திருக்கும் கரோக்கி இடங்கள் உண்டு, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். ஆங்கிலப் பாட்டு நாலைந்து தெரிந்த பிள்ளைகளுக்கு எங்கேயும் குறையில்லை. ஆனால் பாட்டிக்கு ஒரு பழைய பாட்டாவது பாட வேண்டும் அல்லவா, அவரை இரண்டு மணி நேரம் கைதட்டவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜப்பானின் பல கரோக்கி அறைகளில் ஹெச்டிஎம்ஐ வழியாக நம் போனைத் திரையோடு இணைக்கலாம். கேபிள் சில கடைகளில் கிடைக்கும், நம் போனுக்குப் பொருந்தும் அடாப்டரை நாமே கொண்டுபோக வேண்டும். பாடல் வரிகளோடு வரும் கரோக்கி டிராக்குகளைக் கிளம்பும் முன்னாலேயே தேடி ஒரு பிளேலிஸ்டாக வைத்துக்கொண்டால் அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: போனிலிருந்து ஓடும் டிராக்குக்கு அறையின் கீ பொத்தான் வேலை செய்யாது. டிராக் பெரும்பாலும் அசல் பாடகரின் சுருதியிலேயே இருக்கும், ஆண் குரல் உச்சத்துக்குப் போகும் பாட்டை வீட்டில் யாராலும் எட்ட முடியாது. சுருதியை மாற்றித் தரும் செயலிகள் இருக்கின்றன, வீட்டிலேயே பாடிப் பார்த்து அவரவர் குரலுக்கு இறக்கிச் சேமித்துக்கொள்வது நல்லது. டூயட் என்றால் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும், ஒருவருக்கு இறக்கினால் மற்றவருக்குப் பாதாளத்துக்குப் போய்விடும்.

தங்கும் இடத்திலேயே பாடும் வழி இங்கேதான் உள்ளே வருகிறது. பாட்டு முழுக்க தமிழிலேயே வேண்டும், இரண்டு வயதுக் குழந்தை தூங்கினால் படுக்கவைக்க இடம் வேண்டும், செலவு கூடாது என்றால் ஸ்பீக்கரோடு சேர்ந்த மைக் ஒன்று போதும். குரல் நேராக அந்த ஸ்பீக்கரிலேயே வந்துவிடும், டிராக் மட்டும் போனிலிருந்து புளூடூத்தில் வரும், அதனால் தாளம் தவறாது. போன் செயலியையும் புளூடூத் ஹெட்போனையும் வைத்துப் பாட முயன்றால் குரல் ஒரு கணம் தாமதமாகக் காதில் விழும், நன்றாகப் பாடுகிறவரும் தடுமாறுவார். மைக்கில் லித்தியம் பேட்டரி இருக்கும், விமானத்தில் கைப்பையிலேயே வையுங்கள்.

இதில் எனக்குத் திருப்தி இல்லாத விஷயம் பக்கத்து அறை. ஹோட்டல் சுவர்கள் எங்கேயும் அவ்வளவு கனமானவை கிடையாது. வாடகை வீடுகளில் இரவு அமைதி நேரம் எழுதியே போட்டிருப்பார்கள். வாடகை வீடுகளை ஏற்பாடு செய்து தரும் ஏர்பிஎன்பி தளம் பார்ட்டிகளுக்கான தடையை 2022ல் நிரந்தரமாக்கிவிட்டது. குடும்பமாகப் பாடுவது பார்ட்டி இல்லைதான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்தால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். மெதுவாகப் பாடுங்கள் என்று நிமிடத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளை அடக்கினால் அவர்கள் பாடுவதையே விட்டுவிடுவார்கள். தோட்டம் சூழ்ந்த தனி வீடு எடுத்திருந்தால், மாலை வெளிச்சம் இருக்கும்போதே பாடி முடித்தால், இது மிக நல்ல வழி. அடுக்குமாடிக் குடியிருப்பிலோ நகரத்து ஹோட்டலிலோ என்றால் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஆக யாருக்கு எது? பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள், கூடவே தாத்தா பாட்டி என்றால் ஜப்பானின் வாரநாள் மதியம், அடாப்டரோடு. பதின்வயதினர் மட்டும் என்றால் கொரியாவின் காயின் அறை, அவர்களே அறையைப் பிடித்துக்கொள்வார்கள். பத்துப் பதினைந்து பேர் கூட்டம், சாப்பாடும் சேர்த்து என்றால் தைவான். எல்லோரும் பெரியவர்கள், மூன்று பேராவது மேடைக்கு அஞ்சாதவர்கள் என்றால் எந்த நாட்டிலும் மேடை. ஜப்பானும் கொரியாவும் ஒரே பயணத்தில் வருகிறது என்றால், எந்த நாடு முதலில் வந்தாலும், கொரியாவில் ஆயிரம் வோன் செலவில் பிள்ளைகளைப் பாட விடுங்கள், மொத்தக் குடும்பத்துக்குமான இரண்டு மணி நேரத்தை ஜப்பானுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாளில் போவது என்றும் ஒரு வார்த்தை. போய் இறங்கிய முதல் நாள் வேண்டாம், எல்லோரும் களைத்திருப்பார்கள். கடைசி இரவும் வேண்டாம், பெட்டி கட்டும் பரபரப்பில் யாருக்கும் மனசு நிற்காது. பயணத்தின் நடுவில், அதிகம் நடந்து கால் வலிக்கிற ஒரு நாளுக்கு மறுநாள் மதியத்தைக் காலியாக வையுங்கள். இடத்தை முந்தைய நாளே போய்ப் பார்த்து, கட்டண அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு வந்து, அன்றிரவே ஆளுக்கு மூன்று பாட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். மாட்டேன் என்றவரிடமும் கேளுங்கள், கட்டாயப்படுத்த வேண்டாம். பாட அல்ல, கேட்கப் பிடித்த பாட்டைச் சொன்னால் போதும் என்று கேட்டால் எழுதித் தருவார், அந்தப் பாட்டையே முதலில் போடுங்கள்.